யோகட் கப் போட்ட கொங்கிரீட்

என் தங்கச்சி மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லி என்ன?

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டும் கடைசி மாடி, கொட்டாஞ்சேனையில் அவளது வீடும் கடைசி மாடி. சித்திரை வெயிலுக்கு இரண்டுமே பாண் சுடுகிற போறணைதான். அப்போதுதான் தங்கச்சி புருஷன், பிளாஸ்டிக் குப்பையை அரைத்து சீமெந்தில் கலந்து மொட்டைமாடியில் போட்டால் வெக்கை கீழே இறங்காது என்று, சொந்தக்காரர் வீடெல்லாம் போத்தல் சேர்த்தார். "குப்பையாலயோ வீடு கட்டப் போறியள்?" என்று சிரித்து, நானும் ஒரு பை நிறைய யோகட் கப் கொடுத்தேன்.

மொட்டைமாடி வேலை முடிந்து பார்க்கப் போனால், நடு மத்தியானம், அம்மா போர்வை போர்த்திக்கொண்டு நித்திரை! ஒரு மாதம் என்னோடும் ஒரு மாதம் அவளோடும் இருந்த அம்மா, அதற்குப் பிறகு வெள்ளவத்தைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கூப்பிடும்போதெல்லாம், "உன்ர வீடு வெக்கை பிள்ளை" என்ற ஒரே பதில். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் வீட்டுக் கப்பில் அவள் வீடு குளிர்கிறது, என் அம்மாவும் அங்கே!

விடுவேனா? ஃபிளாட் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, தங்கச்சி வீட்டில் வேலை செய்த அதே மேசன் பாஸைப் பிடித்து எங்கள் தலைக்கு மேலும் போடுவித்தேன். "தங்கச்சி வீட்டைவிடத் தடிப்பாப் போடுங்கோ" என்றேன். "பாரம் கூடும் மிஸ், ஸ்லாப் தாங்காது" என்று மறுத்துவிட்டார். அந்த மனுஷன் மேலும் எரிச்சல்.

ஆனாலும் வீடு குளிர்ந்தது. நானே போய் அம்மாவைத் த்ரீவீலில் ஏற்றி வந்தேன். கட்டிலில் இருந்துகொண்டு மேலே பார்த்தார். "ஓம், நல்ல குளிர்தான்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

இரண்டொரு நாளில் பையைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

"இப்பவும் வெக்கையோ அம்மா?"

"வெக்கை இல்லை பிள்ளை. அவளோட நாள் முழுக்கச் சண்டை பிடிப்பன். பின்னேரம் ரெண்டு பேரும் ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிப்பம். உன்னோட வாய் திறக்கவே பயமாக் கிடக்கு. நீ மனசில வைச்சுக்கொள்ளுவாய்."

அப்படியெல்லாம் இல்லை அம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கோபம் வந்துவிட்டது. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.