பாப்பம்

ஆறு வருடமாக நான் ஒரு பழைய மென்பொருளுக்குக் காவல். கம்பனி உலகமெங்கும் ஆள் வைத்திருக்கும் பெரிய கம்பனி. நான் திருகோணமலையில், துறைமுகம் தெரியும் ஓர் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் பொறியியலாளர். அந்த மென்பொருளை எழுதியவர்கள் புத்தியாக வேறு பிரிவுகளுக்குப் போய்விட்டார்கள். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த கடைசி ஆள் நான். அது படுத்துவிட்டால் என் கைபேசி அலறும்; பதினைந்து நிமிடத்துக்குள் கணினி முன்னால் இருக்க வேண்டும். தோப்பூரில் மனைவியின் தாய்வீட்டில் சிக்னல் பிடிக்காது. அதனால் அவள் மகளோடு போவாள், நான் போவதில்லை. கப்பலுக்குக்கூட வந்தால் போக முடிகிறது என்று எரிச்சலில் ஜன்னலைச் சாத்துவேன்.

போன மாதம் வேறு பிரிவில் ஓர் இடம் காலியானது. மாற்றம் கேட்டு எழுதினேன். மேலாளர் விட்டால் போதும். அவர் சென்னைக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. வீடியோவில் வந்து கேட்டார்:

"புது டீமுக்குப் போகணும்னு எழுதியிருக்கீங்க. ஆனா உங்களை விட்டா ஆள் இல்ல. இன்னும் ஒரு வருஷம் இதை நீங்களே பாத்துக்குவீங்கல்ல?"

முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பக்கத்தில் அநேகம் பேருக்கு வராது. மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டாலும், கொடுக்க மனமில்லாவிட்டால் ஒரே பதில்தான். அதையே சொன்னேன்.

"பாப்பம்."

"சூப்பர்! ரொம்ப தேங்க்ஸ்" என்று முடித்துவிட்டார். நல்ல மனுசன், மறுத்ததற்குக் கோபிக்காமல் விட்டுவிட்டார் என்று நான் சந்தோசப்பட்டேன்.

மறுநாள் எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது. இன்னொரு வருடம் பொறுப்பாக இருக்க நான் மனமுவந்து சம்மதித்தேனாம். புது இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாயிற்று. பார்த்துக்கொள்வீர்களா என்று அவர் கேட்க, பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கிறேன்; அவர் காதில் அது ஓம். அவர் மேல் என்ன பிழை? என் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

மனைவி வாசித்துவிட்டு, "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

"பாப்பம் எண்டுதான் சொன்னனான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தோப்பூருக்கு வாங்கோ எண்டு கேக்கிற நேரமெல்லாம் எனக்கும் அதைத்தானே சொல்லுறனீங்கள். முதல் ரெண்டு வருசம் நானும் அதை ஓம் எண்டுதான் நம்பினனான்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் உடுப்புப் பையைக் கட்டினாள். நான் வருகிறேனா என்று இந்த முறை கேட்கவில்லை.