நிலத்துக்கு மிஞ்சின காசு

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆணையிடச் சொன்னால் என்ர இரண்டு முழங்காலிலும் ஆணையிடுவேன். முப்பது வருசம் ஊரார் வீட்டுத் தரையில், எங்கட பேச்சில் நிலத்தில், தவழ்ந்து தேய்ந்த முழங்கால்கள் அவை. காட்டச் சொன்னால் காட்டவும் ஆயத்தம். ஆனால் சாறனை உயர்த்த வேண்டி வரும், பெண்களும் வாசிப்பார்கள்.

வீட்டு வேலையில் கடைசியாக வாசல் ஏறுகிறவன் மாபிள் பதிக்கிறவன்தான். அவன் வந்து சேரும்போது வீட்டுக்காரரிடம் காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. பிளேன்ரீ மட்டும் இருக்கும், அதுவும் சீனி குறைவாக. நான் புத்தளத்தில் இருந்த காலத்தில் இந்த வேலையைப் பழகி, தாராபுரத்துக்குத் திரும்பிய பிறகு எங்கட தீவிலும் அக்கரை ஊர்களிலும் செய்தவன். நான் முஸ்லிம், ஊரார் என்னை நானா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாபிள் என்கிறோமே தவிர அது தரையில் ஒட்டுகிற சுட்ட மண் ஓடுதான். புது வீடு வாங்கிவிட்டு நிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அத்தனை பேரும் வாருங்கள், இப்படிக் குந்துங்கள். பேசாலைப் பக்கம் ஒரு சம்மாட்டி வீட்டில் நடந்ததைக் கேட்டால் உங்கள் கவலை கொஞ்சம் குறையும்.

முடிஞ்ச வீடு

சம்மாட்டி சூசைக்கு மீன்பிடிக்க மூன்று வள்ளம், அதில் தொழில் செய்யப் பத்துப் பன்னிரண்டு பேர், வீட்டில் மனைவி பிலோமினா, ஒரே மகள் றீற்றா. றீற்றாவுக்கு விடத்தல்தீவில் மாப்பிள்ளை சரிவந்தது. மாப்பிள்ளையின் தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கோயிலில் பாதர் கலியாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க முதல் சீதன வீட்டை முழுசாக முடித்துக் காட்ட வேண்டும். மடுத் திருவிழா முடியக் கலியாணம். இனி அத்திவாரம் வெட்டி எப்போது கட்டி முடிப்பது? அதனால் கொந்தறாத்துக்காரர் ஒருவர் வரிசையாகக் கட்டி விற்ற புது வீடுகளில் ஒன்றை விலை பேசினார்கள். அவர் சுவரைத் தட்டிக் காட்டினார், கூரையை அண்ணாந்து காட்டினார், நிலத்தை மட்டும் காட்டவில்லை. பிலோமினா கேட்டதற்கு, “அதை உங்கட விருப்பத்துக்கு விட்டிருக்கிறன்” என்றாராம். புது வீட்டில் உங்கள் விருப்பத்துக்கு விட்டது எல்லாம் உங்கள் செலவு. மாபிள், பெயின்ற், சமைக்கிற குசினி மேடை, குளியலறைச் சுவர், அறைக் கதவுப் பூட்டு எல்லாம்.

வீட்டு விலை போக, உறுதி எழுதின செலவு போக, வீடு மந்திரிக்க வரும் பாதருக்கும் அயலுக்கும் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தது போக, மிஞ்சினதை ஒரு கடித உறையில் போட்டு பிலோமினா என்னிடம் நீட்டினாள். நான் உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். பூசைப் புத்தகத்துக்குள் வைக்கிற படம் அளவுக்குத்தான் பாரம். “இது மாபிளுக்கோ தங்கச்சி, பாய்க்கோ?” என்று கேட்டேன்.

“பாய் வாங்கிறதுக்கு எனக்கு உங்கட உதவி தேவையில்லை, நானா.”

பாகக் கணக்கு

வவுனியாவில் ஒரு கடையில் பழைய சரக்கைக் கழிவு விலைக்குத் தள்ளுகிறார்கள், இன்னும் இரண்டு நாள்தான் என்று கேள்விப்பட்டோம். அந்த உறைக்கு அதைவிட நல்ல கடை உலகத்தில் இல்லை. ஆனால் வீட்டை அளக்க வேண்டுமே! மிச்சக் காசு கட்டும்வரை கதவுத் திறப்பைக் கையில் தரமாட்டேன் என்று கொந்தறாத்துக்காரர் நின்றுவிட்டார். சம்மாட்டி சிரித்தார். “வீடு பார்க்கப் போன அண்டைக்கே நான் அளந்திட்டன் நானா. விறாந்தை இத்தனை பாகம், சாலை இத்தனை பாகம்” என்று முன் திண்ணையிலிருந்து நடுக் கூடம் வரை ஒப்புவித்தார். வலையையும் கயிற்றையும் அளக்கிற மாதிரி, இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு சுவராக அளந்திருக்கிறார். ஒரு பாகம் ஆறடி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சீமெந்துப் பைக் கடுதாசியில் பெருக்கினேன், லொறி பிடித்தோம், ஏற்றி வந்து இறக்கினோம்.

திறப்புக் கிடைத்த பிறகு அளவு நாடாவைப் பிடித்தால் தலை சுற்றியது. சம்மாட்டியின் பாகம் ஏழடி! நான் அதுவரை அந்த மனிசனின் கையைக் கவனித்துப் பார்க்கவில்லை. கோயிலில் அவர் சிலுவை அடையாளம் போட்டால் பக்கத்து வாங்கில் இருக்கிறவர் தலையைக் குனிய வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் ஓரடி, அதுவும் நீளத்திலும் அகலத்திலும் பிழைத்ததில், நாலு பங்கு நிலத்தில் ஒரு பங்குக்கு மாபிள் இல்லை. வவுனியாவுக்கு ஓடினோம். அந்த நிறம் முடிந்துவிட்டது. வேறு நிறம் வாங்க உறையிலும் ஒன்றுமில்லை. பசை, சுவரோரம் ஓடுகிற பட்டி, இடைவெளி அடைக்கிற தூள், லொறிக் கூலி, வழியில் உடைந்தது என்று எல்லாமாகச் சேர்ந்து அதைச் சப்பித் துப்பிவிட்டன. நீங்களும் மாபிளுக்கு மட்டும்தானே கணக்குப் பார்த்தீர்கள்? பார்த்திருப்பீர்கள். நான் நாடாவை நீட்டி, சம்மாட்டிக்கு முன்னால் அவருடைய கையையே அளந்து காட்டினேன். அவர் அசையவில்லை.

“என்ர கை சரி நானா, உங்கட நாடாதான் கட்டை.”

கடல் மட்டம்

இருக்கிறதைப் பதிக்கத் தொடங்கினேன். சம்மாட்டி கடலுக்குப் போய் வந்து, வலை காயப் போட்டுவிட்டு, நேரே என் தலைக்கு மேல் வந்து நிற்பார். ஒருநாள் சாலை நடுவில் குந்தி, ஒரு கண்ணை மூடி, யன்னல் கட்டுக்கு மேலால் கடலைப் பார்த்தார். “கிழக்கால அரை விரல் தாழுது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. நீர்மட்டத்தை வைத்துக் காட்டினேன், குமிழி நட்ட நடுவில் நின்றது. அவர் ஒரு பீங்கானில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தண்ணீர் கிழக்காலதான் போனது, அரை விரல் அளவுக்கு. அன்றைக்கு அந்த நீர்மட்டத்தைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பிறகு கடல் தெரிகிற வீடு என்றால், மட்டம் பார்க்கிறது கடல்தானே என்று நான் கூலியில் கொஞ்சம் குறைப்பதுண்டு. சம்மாட்டி பீங்கானைக் கவிழ்த்து வைத்தார்.

“போத்திலுக்குள்ள கிடக்கிற தண்ணியை நம்பி நான் ஒருநாளும் தொழிலுக்குப் போனதில்லை.”

குடிபுகுந்தது யார்?

மினுங்குகிற மாபிள் வேண்டாம், மணலும் காற்றும் உள்ள ஊருக்குச் சொரசொரப்பானதுதான் சரி என்று நான் கடையிலேயே தலையால் அடித்துச் சொன்னேன். பாரிசில் இருக்கிற தங்கச்சி வீட்டுப் படத்தில் நிலம் மினுங்குகிறதாம், பிலோமினாவுக்கு மினுங்க வேண்டும். சரி, மினுங்கினது. முன்கதவு திறந்து கிடந்த ஒருநாள், சோளகக் காற்றுக்கு ஒதுங்க வந்த கழுதை ஒன்று சாலைக்குள் காலை வைத்துவிட்டது. குனிந்து பார்த்தால் நிலத்துக்குள் இன்னொரு கழுதை! இது காதை ஆட்ட, அதுவும் காதை ஆட்டியது. இது கத்த, அதுவும் வாயைத் திறந்தது. தன்னை நக்கல் அடிக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, எங்கட கழுதை உதைக்கக் காலைத் தூக்கியது. அவ்வளவுதான். சாலையிலிருந்து வழுக்கத் தொடங்கி, சாப்பாட்டு அறையைக் கடந்து, குசினி மேடைக்கு முன்னால் போய்க் குந்தியது. நாலு காலும் நாலு திசை. தென்னோலைப் பாயில் வைத்து நாங்கள் ஆறு பேர் இழுத்துத்தான் வெளியே விட்டோம்.

பிலோமினா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வீடு மந்திரிக்க முதலே குடிபுகுந்திட்டுது நானா, உங்கட சொந்தக்காரர்போல கிடக்கு.”

கண்படாத இடம்

சிரித்தாளே தவிர, அன்று பின்னேரம் அவள் கிணற்றடியில் இருந்து அழுததை நான் கண்டேன். மாப்பிள்ளையின் தாய் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வீடு முடியாவிட்டால் ஓலை இல்லை. கடன் கேட்கச் சம்மாட்டிக்கு வாய் வராது, வள்ளத்தை விற்றால் பத்துக் குடும்பத்தின் அடுப்பு அணையும். பிழையில் பாதி அவருடைய கையுடையது என்றால், மற்றப் பாதி பார்க்காத வீட்டைப் பெருக்கிக் கணக்குப் போட்ட என்னுடையது. அதனால் என் தொழில் இரகசியத்தை எடுத்தேன். ஆர் கட்டிலுக்குக் கீழே நடக்கிறது? ஆர் அலுமாரிக்குக் கீழே படுக்கிறது? இரண்டு கட்டில், மூன்று அலுமாரி, தையல் மெசின், சாமான் அறை என்று அத்தனைக்கும் அளவெடுத்து, அந்த இடங்களில் வெறும் சீமெந்தை விட்டுச் சுற்றிவரப் பதித்தேன். மாபிள் அச்சொட்டாகக் காணும், ஒரு துண்டு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. பிலோமினா என் கையைப் பிடிக்காத குறை. றீற்றா மட்டும் அறைக்கு அறை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“அப்ப நான் சாகுமட்டும் இந்த அலுமாரியை அசைக்கேலாதோ, நானா?”

பூசை முடிய

ஞாயிறு பூசை முடிய மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். மெலிந்த மனிசி, தடித்த கண்ணாடி. எங்கேயோ கண்ட முகம்போல இருந்தது. எதற்கும் நல்லது என்று நான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் சாலையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், “நல்லாயிருக்கு” என்றார். பிறகு பெரிய அறைக்குள் வந்து, நேரே அலுமாரிக்கு முன்னால் நின்றார். “இதை மற்றப் பக்கம் வைச்சால் காத்து வரும்.”

“அது பொல்லாத பாரம்” என்றார் சம்மாட்டி. “உள்ளுக்கு முழுக்கப் பீங்கான்” என்றாள் பிலோமினா. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அதுதான் வினை. “நான் தள்ளுறன் மாமா” என்று சேட்டுக் கையை மடித்தான். றீற்றா முதுகைச் சாய்த்து அலுமாரியோடு ஒட்டி நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, விலகிவிட்டாள். “மாபிள் போதாமல் போட்டுது மாமி. காசும் முடிஞ்சுது. கீழ வெறும் சீமெந்துதான், பாருங்கோ” என்றாள். அலுமாரி நகர்ந்தது. ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அளவுக்கு நரைச்ச சீமெந்து. சம்மாட்டியின் அந்த நீளக் கைகள் இரண்டும் தொங்கிப் போயின. நான் கதவுக்குப் பின்னால் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன்.

மாப்பிள்ளையின் தாய் மெல்லக் குனிந்தார். மாபிள் வெட்டின விளிம்பை விரலால் தடவினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருக்கால் தடவினார். நிமிர்ந்தபோது அவருடைய தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு.

“பாதரிட்ட ஓலைக்குச் சொல்லுங்கோ சம்மந்தி, எங்கட வீட்டிலயும் அலுமாரிக்குக் கீழ இதே ஆளின்ர இதே வெட்டுத்தான், ஏன் நானா, கதவுக்குப் பின்னால நிண்டு என்ன செய்யிறியள்?”

ஆகவே புது வீடு வாங்குகிறவர்களே, நிலத்துக்கான காசை முதலில் எடுத்து வையுங்கள், முடியாவிட்டால் நல்ல பாரமான அலுமாரியாகப் பார்த்து வாங்குங்கள், ஆனால் இதைச் சொன்னது ஆர் என்று மட்டும் ஒருத்தரிடமும் வாய் திறந்துவிடாதீர்கள், இந்தத் தீவில் இன்னும் அசைக்காத அலுமாரிகள் எத்தனையோ கிடக்கின்றன.