காலி பண்றோம்

மாமியார் வீட்டில் அவருக்குக் ‘குளோரின் மாப்பிள்ளை’ என்று பெயர். பணக்காரர் தெருவில் நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்வது தொழில். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. இத்தனை வருடத்தில் நீச்சல் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டால், "பஸ் கழுவுறவனுக்கு பஸ் ஓட்டத் தெரியணுமா?" என்று ஒரே போடாகப் போடுவார்.

பெரும் பணக்காரர்களுக்குப் புது வரி என்று அறிவிப்பு வந்தது. இனி அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் பறந்துவிடுவார்கள் என்று ஊரே பேசியது. அவர் மனைவி எந்தெந்த வீடு போகும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவளுடைய அண்ணன் வேறு, தூரத்து ஊரில் ஒரு கிடங்கில் வேலை சொல்லி வைத்துவிட்டு, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க போயிட்டா எந்தக் குளத்தக் கழுவுவீங்க?"

"ஒருத்தரும் போகமாட்டாங்க. பாத்துக்கிட்டே இரு."

சும்மா அடித்துவிடவில்லை மனுஷன். அந்தத் தெருவில் இருந்த ஒரு தொழிற்சாலை முதலாளி தினமும் வரியைத் திட்டிக்கொண்டேதான் குளத்தில் இறங்குவார். திட்டி முடித்து, தலையைத் துவட்டியபடி, தண்ணீரைச் சூடாக்க எந்த மெஷின் நல்லது என்று கேட்பார். போகிறவர் கேட்கிற கேள்வியா அது? தெருக்கோடி வீட்டு நகை வியாபாரி மட்டும் வரியைப் பற்றி மூச்சு விடாமல் இருந்து, ஒருநாள் நிஜமாகவே போய்விட்டார். அந்த வீட்டை வாங்கியவரும் கோடீஸ்வரர்தான். வந்த கையோடு நம்மவரைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்தத் தைரியமெல்லாம் ஒரு போனில் பொசுக்கென்று போனது. தொழிற்சாலை முதலாளி வீட்டம்மா பேசினார். "அடுத்த வாரம் காலி பண்றோம்பா. ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்துடுங்க."

தெருவிலேயே பெரிய குளம் அது. அந்த அம்மா சொல்லித்தான் மற்ற வீடுகளே கிடைத்தன. ராத்திரி தட்டை நகர்த்திவிட்டு மனைவியிடம், "நீ சொன்னதுதான் சரி. வர்றோம்னு உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிடு" என்றார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன நாளில் இரண்டு ஆட்களோடும் ஒரு சுருள் கயிற்றோடும் போய் நின்றார். வாசலில் லாரியைப் பார்த்ததும் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"கயிறு எதுக்கு? தண்ணி இறைக்கிற மோட்டார் எங்க?" என்றார் வீட்டம்மா.

"சாமான் கட்டத்தான்மா. வீட்டக் காலி பண்றதா…"

"அட ராமா! குளத்தக் காலி பண்ணணும்பா. புது டைல்ஸ் ஒட்டப் போறோம். லாரியில இருக்கிறது அதுதான்."

மாடியிலிருந்த முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "வரியத் திட்டுறது வேற. பேரப் பிள்ளைங்க இங்க, கூட்டாளிங்க இங்க. நான் எங்கப்பா போறது?"

மோட்டாரை ஓடவிட்டு, ஆட்களை அங்கேயே நிறுத்திவிட்டு, நம்மவர் வீட்டுக்கு ஓடினார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னவர், "உங்க அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? வர்றோம்னு வேற சொல்லிட்டோமே" என்று தலையில் கை வைத்தார்.

"நான் சொல்லவே இல்ல" என்றாள் மனைவி.

"ஏன்?"

"என் தங்கச்சி அடுத்த தெருவுல இருக்கா. நம்ம பொண்ணு இப்பத்தான் பள்ளிக்கூடத்துல நாலு பேரோட சிரிச்சுப் பேசுது. முதலாளி வீட்டுக்காரங்க போயிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேங்க."