பூ வைக்கும் முன் அம்மா நீட்டிய கை

எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். ஜேடர்பாளையம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அது மூன்றாவது இடம். முதல் இரண்டும் தட்டிப்போனதற்கு ஒரே காரணம், அம்மாவின் கை.

அம்மாவுக்கு முடக்குவாதம். மணிக்கட்டு வீங்கி, விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவளைப் பெற்றவளுக்கும் அதே கைதான். வந்தவர்கள் காபி டம்ளர் நீட்டும் கையைப் பார்ப்பார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும், வம்சத்து வியாதி, வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்புவார்கள்.

இந்தத் தடவை பெரியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா வீட்டுக்குத் தூரம், மாதவிலக்கு என்று சொல்லி மாட்டுக்கொட்டகையில் உட்கார வைத்துவிட்டால் யாரும் கிட்டப் போக மாட்டார்கள், ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, அம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனதே நான்தான்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. தன் கையாலேயே எனக்குப் பூ வைக்க எழுந்தார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து அம்மா மெல்ல நடந்து வாசலுக்கு வந்தாள். முந்தானைக்குள் இருந்த இரண்டு கையையும் வெளியே நீட்டினாள்.

"நான் தூரமெல்லாம் இல்லீங்க. இந்தக் கையத்தான் மறைச்சோமுங்க. எங்கம்மாளுக்கும் இருந்துச்சு. இவளுக்கு வரலாம், வராமயும் போகலாமுன்னு சேலத்து டாக்டர் சொன்னாருங்க. தெரிஞ்சுக்கிட்டுப் பூ வெய்யிங்க."

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். இவளெல்லாம் ஒரு தாயா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பூவைத் தட்டில் வைத்துவிட்டு, கிணற்றடியில் தன் வீட்டுக்காரரோடு வெகு நேரம் பேசினார். திரும்பி வந்து, காலையில் எழுந்திருக்கையில்தான் ரொம்ப வலிக்குமா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார். ஆமாங்க என்றாள் அம்மா. அவர் பூவை எடுத்து என் தலையில் வைத்தார்.

"தெரிஞ்சுபோச்சில்ல சாமி. வந்தாப் பாத்துக்கலாம்."

இரண்டாவது பிரசவம் முடிந்த ஆறாம் மாதம் எனக்கும் அந்த வியாதி வந்தது. காலையில் சொம்பைப் பிடிக்க முடியாமல் விரல்கள் விறைத்துக்கொண்டன. நான் என்ன செய்தேன் தெரியுமா? மறைத்தேன்! மூன்றாம் நாளே மாமியார் கண்டுபிடித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் என் கையைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார், மகராசி. அன்றைக்கே சேலத்துக்கு பஸ் ஏற்றினார். விரல் கோணிய பிறகுதான் எல்லோரும் வருவார்கள், நீங்கள் நல்லவேளை முன்னாலேயே வந்தீர்கள் என்றார் டாக்டர்.

எனக்கு இரண்டு விரல்தான் கோணியது. இதை என் கையாலேயே எழுதுகிறேன். அன்று அம்மா துணிந்து நீட்டிய கைதான் என் கையைக் காப்பாற்றியது. அதனால்தான் போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, கோணிய விரல் நன்றாகத் தெரியும்படி, காபித் தட்டை நானே கொண்டுபோய் நீட்டினேன்.