கேப்டன் துலுக்கானம், ஏழாம் துறைமுகம்

பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் படிக்கப் போன பெண்களில் தமிழில் ஹையர் வரைக்கும் போனவர்கள் குறைவு. ஜுலைகா போனாள். 1986இல் முதல் வகுப்பில் தேறினாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மடியாமல் கிடந்தது. அவள் கணவர் பஷீருதீன் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைப்பவர். அவர் பில் புத்தகத்தில் பேர் எழுதிக் கொடுப்பதைத் தவிர அவள் எழுத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை.

1995இல் கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஷவுகத் அலி ஒரு டி.டி.பி. கடை திறந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், சங்கத்துச் சுற்றறிக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து பிரஸ்ஸுக்கு அனுப்புகிற கடை. தமிழில் வேகமாக அடிக்கிற ஆள் வேண்டும் என்று தேடி, யாரோ சொல்ல, பஷீருதீனின் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“டைப்ரைட்டர்ல எந்த எழுத்து எங்க கீதோ, இதுலயும் அங்கேயேதான் கீது. வந்து உக்காந்தா போதும்” என்றார்.

ஜுலைகா போய் உட்கார்ந்தாள். முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: செருப்பை வெளியே விட வேண்டும். இரண்டாவது நாள் இன்னொன்று சொன்னார். கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக் ஏழு பிளாப்பியிலிருந்து ஒரு விளையாட்டையும் ஏற்றிவிட்டு, “இது ஓடிச்சின்னா மெஷின் நல்லா கீதுன்னு அர்த்தம்” என்று சொல்லிப் போயிருந்தான். ஷவுகத் அலி அதை அப்படியே நம்பினார். லாரிக்காரர்கள் காலையில் இஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுகிற மாதிரி, தினமும் கடை திறந்ததும் அரைமணி நேரம் ஜுலைகா அந்த விளையாட்டை ஓட்ட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

இப்படித்தான் வேலையின் ஒரு பகுதியாக, சம்பளத்தோடு, ஜுலைகா விண்வெளிக்குப் போனாள்.

விளையாட்டின் பேர் ‘ஹார்பர் ஸெவன்’. கருப்பு வானத்தில் ஏழு துறைமுகங்கள். அவற்றுக்காக அடித்துக்கொள்ளும் மூன்று அரசாங்கங்கள். நாம் ஒரு அரசாங்கம். கப்பல் கட்ட வேண்டும், தானியம் ஏற்ற வேண்டும், எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று யோசித்துக் காவல் போட வேண்டும். முதல் வாரத்தில் ஜுலைகா நாலு துறைமுகத்தைப் பறிகொடுத்தாள். இரண்டாவது வாரத்தில் ஒன்றைத் திரும்பப் பிடித்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் பஷீருதீனிடம் சொன்னாள். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இன்னா சீட் போட்டுகிறான் கப்பல்ல?” என்று கேட்டார். சீட்டே தெரியவில்லை என்றதும் அவருக்கு அந்த விளையாட்டின் மேல் மரியாதை போய்விட்டது.

ஜுலைகாவை உறுத்தியது வேறு. எந்தக் கப்பலை அமுக்கினாலும் அதன் படம் வரும், ஆள் எத்தனை, பீரங்கி எத்தனை என்று வரும். அதற்குக் கீழே, ‘இதன் வரலாற்றுக்குக் கையேடு, பக்கம் 43 பார்க்க’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இன்னொரு கப்பலுக்கு 51. மற்றொன்றுக்கு 19. கையேடு எங்கே? மெக்கானிக்கைக் கேட்டால், “காப்பி அடிச்ச சாமானுக்குக் கையேடு ஏதுக்கா?” என்றான்.

‘மெர்சி’ என்று ஒரு வெள்ளைக் கப்பல். பேர் கருணை. பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. ஆள் 412. பீரங்கி 36. ஆஸ்பத்திரிக்கு எதற்கு முப்பத்தாறு பீரங்கி? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் மதியம், பத்திரிகை எதுவும் இல்லாத நேரத்தில், தலைப்புப் போட்டு அடித்தாள்:

‘கருணை. பக்கம் 43. இது ஏழு துறைமுகங்களுக்கும் பொதுவான மருத்துவக் கப்பல். ஒரு நோயாளிக்குத் துணையாகப் பதினோரு பேர் ஏறி, பார்வை நேரம் முடிந்தும் இறங்க மறுத்த காரணத்தால் முதல் பீரங்கி பொருத்தப்பட்டது. மீதி முப்பத்தைந்தும் அதே காரணத்துக்காக.’

அடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அடுத்து ‘லான்டர்ன்’. ஒரே ஒரு ஆள் போகிற குட்டிக் கப்பல், பீரங்கி கிடையாது, ஆனால் எல்லாவற்றையும்விட வேகம். அதைத் தபால் கப்பல் ஆக்கினாள். முதல் துறைமுகத்தில் கொடுத்த கல்யாணப் பத்திரிகை ஏழாவது துறைமுகம் சேர்வதற்குள் அந்தத் தம்பதிக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்பதால், தபால்காரர் பத்திரிகையோடு பெயர்சூட்டு விழா வாழ்த்தையும் கையோடு கொண்டுபோவார் என்று எழுதினாள்.

கப்பல்களுக்குக் கேப்டன் வேண்டுமே. பேருக்காக அவள் வெளியே போகவில்லை. பட்டாபிராம், நெமிலிச்சேரி, வெள்ளானூர் என்று தினமும் பத்துக் குடும்பத்துச் சொந்தக்காரர்களைத் தட்டச்சு செய்கிறவள் அவள். ஒரு பத்திரிகையிலிருந்து துலுக்கானத்தை எடுத்தாள், இன்னொன்றிலிருந்து வேம்புலியம்மாளை. துலுக்கானத்துக்கு ‘பிளாக் மேர்’ என்ற போர்க்கப்பலைக் கொடுத்தாள். அவள் அதற்கு வைத்த பேர் கருங்குதிரை. ஆள் 190.

கையேட்டின் முதல் வாசகர் வீரராகவன். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி. வெள்ளானூர் மனைதாரர் சங்கத்துக்குச் செயலாளர். தெருவிளக்கு கேட்டு வாரம் ஒரு மனு அடிக்க வருவார். மனுவுக்காகக் காத்திருக்கும்போது மேசையில் கிடந்த பக்கத்தை எடுத்துப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இதுல ஒரு குறை இருக்கும்மா” என்றார்.

“இன்னா சார்?”

“முப்பத்தாறு பீரங்கின்னா ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது ரெண்டு பேர். எழுபத்திரண்டு போச்சு. மீதி முந்நூத்தி நாப்பதுல டாக்டர் எத்தனை, நர்ஸ் எத்தனை? நீங்க பிரிச்சுக் காட்டல.”

ஜுலைகா அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. மனு எழுதுகிற அதே முகம்.

“அடுத்த வாரம் பிரிச்சிக் காட்டறேன் சார்” என்றாள்.

காட்டினாள். டாக்டர் ஒன்பது பேர், நர்ஸ் அறுபது, சமையல் நாற்பது, மீதி எல்லோரும் ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில். வீரராகவன் அதை ஏற்றுக்கொண்டு, அடுத்த கப்பலுக்கு மூன்று ஆட்சேபம் எழுதிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் எழுதப்போய்க் கையேடு ஒரு வருஷத்தில் அறுபது பக்கம் ஆகிவிட்டது. தெருவிளக்கு மட்டும் வரவில்லை.

தொண்ணூற்றாறு ஆவணியில்தான் அந்தத் தவறு நடந்தது.

நெமிலிச்சேரி அய்யாசாமி கிரேன் ஓட்டுகிறவர். மகள் சுசீலாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் போட நாற்பத்திரண்டு சொந்தக்காரர் பேரைத் தாளின் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்தார். ஜுலைகாவின் திரையில் ஒரு பக்கம் பத்திரிகை, இன்னொரு பக்கம் கேப்டன்கள் பட்டியல். ஒரு வரியை எடுத்து ஒட்டப்போனவள், எடுக்க வேண்டிய பட்டியலை மாற்றி எடுத்துவிட்டாள். திரு. வீராசாமி, மின்வாரியம் (ஓய்வு), பட்டாபிராம். அதற்கடுத்து, ‘கேப்டன் துலுக்கானம், கருங்குதிரைக் கப்பல், ஏழாம் துறைமுகம்.’ அதற்கடுத்து, திருமதி கன்னியம்மாள், நெமிலிச்சேரி.

அய்யாசாமி புரூஃப் பார்க்காமல் இல்லை. விரல் வைத்து ஒவ்வொரு பேராகப் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது யார் பேராவது விட்டுப்போயிருக்கிறதா என்றுதான். விட்டுப்போனால்தானே சண்டை. கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று எந்தப் பெண்ணைப் பெற்றவரும் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு பிரதி அச்சாகிப் போனது.

பத்து நாள் கழித்து வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தார். ஜுலைகாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

“இன்னாம்மா, யாரு இந்தத் துலுக்கானம்?” என்று பத்திரிகையை நீட்டினார்.

அவள் படித்தாள். காது இரண்டும் சூடாகிவிட்டது. தப்பு தன்னுடையது, வேறு அச்சடித்துத் தருகிறேன் என்று சொல்லத் தொடங்கினாள். அய்யாசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

“அத்த வுடு. சம்பந்தி ஊட்ல இத்தப் பாத்துட்டு, உங்க குடும்பத்துல கப்பல் கேப்டன் கீறாரான்னு கேட்டாங்க. கோவிந்தன்னு, மாப்பிளைக்கு அப்பா. எனக்கு ஒண்ணும் புரியல. ஆமா, தூரத்துச் சொந்தம்னு சொல்லிட்டேன்.”

“எதுக்குண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“அத்தினி பேரு உக்காந்துகினு என்னையே பாத்தாங்கம்மா” என்றார் அய்யாசாமி. “இப்ப அந்தக் கப்பலு எங்க கீது, எப்போ வரும், எல்லாம் கேக்குறாங்க. உனுக்குத்தான் தெரியும். சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

மூலையில் மனுவோடு உட்கார்ந்திருந்த வீரராகவன் தொண்டையைச் செருமினார். “பக்கம் பத்தொன்பது” என்றார்.

ஜுலைகா பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்து வாசித்தாள். கருங்குதிரை ஒருமுறை புறப்பட்டால் திரும்ப இருபத்தோரு வருஷம். கேப்டன் சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பானவர். ஒரு போரில் எதிரிக் கப்பலுக்குத் தண்ணீர் தீர்ந்துபோனது தெரிந்து, தண்ணீர் அனுப்பிவிட்டு மறுநாள் சண்டையைத் தொடர்ந்தவர். அய்யாசாமி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்ல மனுசன்” என்றார்.

கல்யாண வரவேற்பு பட்டாபிராமில். ஜுலைகாவும் பஷீருதீனும் போனார்கள். வீரராகவனையும் அய்யாசாமி வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார். விஷயம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று. ஜுலைகாவுக்கோ அவரைப் பார்த்தால்தான் பயம். அந்த மனிதருக்குப் பொய் வராது.

பந்தியில் கோவிந்தன் எதிரே வந்து உட்கார்ந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். “கேப்டனைத் தெரியும்ன்றாங்களே, நீங்கதானா?”

“பேர் தெரியும்” என்றார் வீரராகவன்.

“கப்பல் எந்தப் பக்கமா போவுது?”

“மேலே.”

“மேலன்னா? பம்பாய் பக்கமா?”

“இன்னும் மேலே” என்றார் வீரராகவன், அப்பளத்தை உடைத்துக்கொண்டே. “ஆள் நூத்தித் தொண்ணூறு. எழுத்துல இருக்கு.”

கோவிந்தனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இளையவன் ரகுநாதன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கூப்பிட்டார்களாம். இருபத்தோரு வருஷம் எப்படியும் முடிகிற சமயம்தான், கேப்டன் வந்தால் கப்பலிலேயே சேர்த்துவிடுவார் என்று, போக வேண்டாம் எனத் தடுத்து வைத்திருக்கிறாராம்.

ஜுலைகா பாயசத்தைத் தள்ளி வைத்தாள். இது வரைக்கும் எல்லாமே சிரிப்பாக இருந்தது. இப்போது உயிரோடு ஒரு பையன் இல்லாத கப்பலுக்காக வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பஷீருதீனிடம் சொன்னாள்.

“அவரைக் கடைக்குக் கூப்ட்டு, கப்பலைக் காட்டிடு” என்றார் அவர்.

“அய்யாசாமி அண்ணன் மானம் போயிடுமே.”

“அவருக்குத் தெரியாம காட்டு.”

அந்த வாரமே ஆள் அனுப்பினாள். கோவிந்தன் மகனோடு வந்தார். இருவரும் சுத்தமாகச் சட்டை மாற்றி, கேப்டனையே பார்க்கப்போகிற மாதிரி வந்திருந்தார்கள். ஜுலைகா நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். விளையாட்டை ஓட்டினாள். கருப்பு வானத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கருங்குதிரை மிதந்து வந்தது.

“இதாங்க கப்பல்” என்றாள். “கேப்டன் நான் வெச்ச பேர். பத்திரிகைல வந்தது என் கைத்தப்பு. அய்யாசாமி அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. அவரு உங்க முன்னாடி சங்கடப்பட்டுத்தான் ஆமான்னுட்டாரு. தம்பியை அந்தப் பட்டறைக்கு அனுப்பிடுங்க.”

ரகுநாதன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோவிந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் துறைமுகத்தைத் தொட்டது, தானியம் இறக்கியது, திரும்பியது.

“யாரு சொன்னா அது திரும்புது?” என்று கேட்டார் கடைசியில்.

“நான்தாங்க சொல்றேன்.”

“அப்ப கேப்டனுக்கு மேல நீ.” கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். “எங்க பத்திரிகைல மூணாவது பேரு பாத்தியாம்மா? டெபுடி கலெக்டர், ஓய்வு. அவரு யாருன்னு எனக்கே தெரியாது. ஒரு ஆபீசர் பேரு இருந்தா பொண்ணு ஊட்ல ஒரு மட்டு மரியாதையா இருக்கும்னு நானே போட்டேன்.”

ஜுலைகா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவரும் சிரிக்கத் தொடங்கினார். சின்னக் குரல் என்றாலும் சிரிப்பு பெரிசாக இருந்தது. எழுந்து போகும்போது சொன்னார்: “அய்யாசாமி கிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா. கேப்டன் அப்படியே இருக்கட்டும். இன்னொரு தடவ அந்தத் தண்ணி அனுப்புன கதையை அவரு வாயால கேக்கணும்.”

ரகுநாதன் அடுத்த திங்கட்கிழமை அம்பத்தூர் பட்டறையில் சேர்ந்தான். அவனுக்கான விண்ணப்பத்தை ஜுலைகாதான் அடித்தாள், காசு வாங்காமல். கேப்டன்கள் பட்டியலை அதற்கு முன்பே வேறு டிரைவில் பூட்டி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கடையில் மூன்று வருஷம் இருந்தாள். 1999இல் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், பஷீருதீன் பட்டறைக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பழைய வாடிக்கைக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். அய்யாசாமியும் வந்தார். சுசீலாவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. பட்டியலைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடக்கியிருந்தார்.

ஜுலைகா வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். எட்டாவது வரியில், அய்யாசாமியின் உருண்டைக் கையெழுத்தில், ‘அட்மிரல் துலுக்கானம்’ என்று இருந்தது.

“கேப்டன்தானே?” என்றாள்.

“பதவி உயர்வு வந்திருச்சிம்மா” என்றார் அய்யாசாமி, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டே. “சம்பந்தி போன வாரம்தான் சொன்னாரு. அவருக்கு நேரா தகவல் வருதாம்.”

அவள் எழுத்தை ஒரு அளவு பெரிதாக வைத்து, அந்த வரியை அடித்தாள்.