யானை நின்ற படகுத்துறை

சின்னக்கானல் பக்கம் அணைத்தண்ணீரில் படகு ஓட்டிய அவருடைய பெயரை நான் கேட்டதேயில்லை. அக்கரையிலுள்ள தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு வேறு வழி கிடையாது. நர்ஸான நான் வாரந்தோறும் அவர் படகில்தான் போவேன். ஒல்லியான ஆள், தலையில் எப்போதும் கம்பளித் தொப்பி. கரை நெருங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, யானைச் சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுப்பார்.

ஒருநாள் காலை, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை அக்கரையிலிருந்து ஏற்றி வந்தோம். ரோடு வந்து சேரும் ஒரே துறையில் யானைக்கூட்டம் நின்றது. மேலே ஜீப் காத்திருந்தது.

“இங்க இறக்க முடியாது சிஸ்டர். சுத்திப் போயிருவோம்,” என்றார்.

“அங்க ரோடு இல்லையே அண்ணே!”

“தூக்கிட்டுப் போவோம்.”

சுற்றிப்போய் இறங்கி, ஜீப் நின்ற ரோடு வரைக்கும் தேயிலைச் சரிவில் பாதி தூரம் அவரே அவளைச் சுமந்தார். ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அடுத்த வாரம் நான் படகில் ஏறியதும் கேட்டார்: “துறையிலயே இறக்கியிருந்தா பிள்ள பொழச்சிருக்குமா சிஸ்டர்?”

“அங்க இறங்கியிருந்தா நம்மள்ல யாருமே மிஞ்சியிருக்க மாட்டோம்ண்ணே.”

தலையாட்டினார். ஆனால் கரை சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பதில் அவருக்குப் போதவில்லை என்று தெரிந்தது.