மன்னிப்புக்குப் பதிலாக ஒரு பிரெஞ்சுப் படம்

என் சிநேகிதிக்கு எச்.ஐ.வி. தொற்றியிருப்பது, அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. கொடுத்தவன் புருஷன். கலியாணத்துக்குப் பிறகு வேறொருத்தியிடம் போய் வாங்கி வந்தவன், தனக்குத் தெரிந்த பின்னும் வாய் திறக்கவில்லை. அதற்கான மாத்திரையை விற்றமின் என்று சொல்லி, நினைத்த நாளில் மட்டும் விழுங்கியிருக்கிறான்.

பிடிபட்டதும் அழுது அழுது தன் சொந்தக்காரருக்கெல்லாம் தானே சொன்னான். நோபல் பார்க்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்த சனம் அவனைத்தான் தேற்றியது. "பாவம் மனுசன், உடைஞ்சு போனார்." அவன் தோளில் கை போட்டார்கள். அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பதிலாக, நகரத்தில் ஓடிய ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு டிக்கெட் எடுத்தான். அவனோடு தனியாகப் போக மாட்டேன் என்று அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். படத்திலும் ஒருவன் மனைவிக்கு எச்.ஐ.வி.யைக் கொடுக்கிறான். அவளோ கடைசிவரை அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, மடியில் வைத்துச் சாகவிடுகிறாள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய புத்திசாலிப் புருஷன் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். அவன் அழுதது தனக்காக என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே வந்ததும் தொடங்கினான். "பாத்தனீரே, அவவுக்கு எவ்வளவு பெரிய மனசு?"

"அவ நடிச்சவ. சம்பளம் குடுத்திருப்பாங்கள்," என்றாள் சிநேகிதி. "நீங்கள் இண்டைக்கே உங்கட தமையன் வீட்டை போங்கோ."

"ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

அப்போதும் அந்த மனிதனுக்கு அதுதான் கவலை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள். ரயிலில்தான் அழுதாள், அதுவும் கொஞ்ச நேரம். அவன் வெரிபீயில் இருந்த தமையனிடம் போய்ச் சேர்ந்தான்.

பிள்ளை நோயில்லாமல் பிறந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் பலூனோடு வந்து, "எல்லாம் நான் கோயிலுக்கு வைச்ச நேர்த்தி" என்றான்.

"ஒரு நாளும் தவறாமல் மருந்து போட்டது நான்," என்றாள் அவள், பிள்ளையை அவன் பக்கம் திருப்பாமலே.

கல்நெஞ்சுக்காரி என்று சனம் இன்றும் அவளைச் சொல்கிறது. சொல்லட்டும். அந்த வாய்களுக்கு வேறு வேலை இல்லை.